நாய் சமைத்த எலும்பை விழுங்கிவிட்டால்: கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி, தீபாவளிச் சமையல், கடையில் வாங்கிய புரியாணிப் பார்சல், எதுவாகவும் இருக்கட்டும். வெந்த எலும்பு ஒன்று மேசையிலிருந்தோ குப்பைப் பையிலிருந்தோ நாயின் வாய்க்குள் போய், நீங்கள் எட்டிப் பிடிக்க முன்னம் விழுங்கியும் விட்டது. இனி யாரைக் கூப்பிடுவது, எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது, எதைச் செய்யவே கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டு நாய்க்கு இது நடந்தபோது ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "நாயெண்டா எலும்பு தின்னும்தானே, விடுங்கோ" என்று ஒருவர், உப்புத்தண்ணீர் பருக்கச் சொல்லி இன்னொருவர். அதில் பாதி ஆபத்தானது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்பை வெளியே எடுப்பது உங்கள் வேலை இல்லை. அது இப்போது எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்து, அதைச் சரியாகச் சொல்லக்கூடிய நிலையில் நாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. தொண்டையில் நிற்கும் எலும்புக்கு ஒரு அவசரம், இரைப்பைக்குள் போன எலும்புக்கு வேறொரு அவசரம்.

பச்சை எலும்பு கொஞ்சமாவது வளைந்து கொடுக்கும். வெந்ததும் ஈரம் போய், காய்ந்த மூங்கில் மாதிரி நீளவாக்கில் முனை கூராகப் பிளக்கும். கோழிக் கால் எலும்பிலும் ஆட்டு விலா எலும்பிலும் இதை நன்றாகப் பார்க்கலாம். அதற்காகப் பச்சை எலும்பு பயமில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் சிக்கும்.

1. மூச்சு விடுகிறதா என்று பாருங்கள்

வேறெதற்கும் முன்னம் இது. நாய் இருமிக்கொண்டிருந்தால் காற்று போய் வருகிறது என்று அர்த்தம், அதை இரும விடுங்கள். முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறது, சத்தமே வரவில்லை, ஈறும் நாக்கும் நீலமாகின்றன என்றால் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறது. வாயைத் திறந்து பாருங்கள், எலும்பு கண்ணுக்குத் தெரிந்து பிடிக்கவும் முடிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாத ஒன்றை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

எடுக்க முடியாவிட்டால், சின்ன நாயைப் பின்னங்கால்கள் மேலேயும் தலை கீழேயுமாகத் தூக்கிப் பாருங்கள். பெரிய நாய் என்றால் பின்னால் நின்று வயிற்றைச் சுற்றிக் கை போட்டு, விலா எலும்புகள் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே பொத்திய கையை வைத்து, மேல்நோக்கியும் முன்நோக்கியும் 5 தடவை வரை சட்டென்று அழுத்துங்கள். பிறகு வாயை மறுபடி பாருங்கள். மயங்கி விழுந்து மூச்சும் நின்றுவிட்டால், பக்கவாட்டில் கிடத்தி, நாக்கை முன்னுக்கு இழுத்துவிட்டு, நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 தடவை அழுத்தி, வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக 2 தடவை ஊதுங்கள். இதைச் செய்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் வாகனத்தைக் கூப்பிட வேண்டும். எலும்பு வெளியே வந்து நாய் எழுந்து நின்றாலும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும், அழுத்தியதால் உள்ளே காயம் பட்டிருக்கலாம்.

2. வாய்க்குள் கைவிட முன்னம் விசர்நாய்க்கடியை நினையுங்கள்

இதை எந்த வெளிநாட்டு வழிகாட்டியும் நமக்கு அழுத்திச் சொல்லாது. விசர் பிடித்த நாய் எப்போதும் பாய்ந்து கடிக்கும் என்றில்லை. தாடை தொங்கி, எச்சில் வடிய, விழுங்க முடியாமல் சும்மா நிற்கும் விதமும் உண்டு. பார்க்கிறவருக்கு அது அச்சொட்டாக, தொண்டையில் எலும்பு சிக்கிய நாய் மாதிரித்தான் தெரியும். இலங்கையில் அந்த நோய் இன்னும் இருக்கிறது.

உங்கள் நாய் எலும்பை விழுங்கியதை நீங்களே கண்டீர்கள், இந்த வருடத் தடுப்பூசியும் போட்டிருக்கிறது என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு. ஆனால் ஒழுங்கைச் சந்தியில் சோறு வைக்கிற தெருநாய், தடுப்பூசி தவறிய நாய், யாரும் எலும்பு கொடுத்ததே தெரியாமல் திடீரென்று எச்சில் வடிக்கிற நாய், இவற்றின் வாய்க்குள் கை விடாதீர்கள். பல் பட்டுவிட்டாலோ, காயமுள்ள கையில் எச்சில் பட்டுவிட்டாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசிக்குக் காசு வாங்குவதில்லை. நாயின் தடுப்பூசி அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள், எந்த ஊசி, எத்தனை என்று முடிவெடுக்கும்போது அதையும் கேட்பார்கள்.

சாதுவான, ஊசி போட்ட உங்கள் சொந்த நாய்தான் என்றால், டோர்ச் அடித்து மேலண்ணத்தைப் பாருங்கள். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே குறுக்காக ஒரு துண்டு இறுகி நிற்பது அடிக்கடி நடக்கிறது. வளையம் மாதிரி வெட்டிய எலும்பு கீழ்த்தாடையில் மாட்டிக்கொள்வதும் உண்டு. அதை இழுக்காதீர்கள், தோலும் பல்லும் சேர்ந்து வரும். லேசாக மயக்கம் கொடுத்து வைத்தியர் அதை வெட்டி எடுப்பார்.

3. இவற்றைச் செய்யாதீர்கள்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது கிழிக்காத எலும்பு திரும்பி வரும்போது உணவுக்குழாயைக் கிழிக்கலாம். உப்புத்தண்ணீர் அதைவிட மோசம், உப்பு இரத்தத்தில் ஏறி அதுவே நாயைக் கொல்லக்கூடும்.

பனடோல் கொடுக்காதீர்கள். இபுபுரோஃபனும் வேண்டாம். நம் வீட்டு லாச்சியில் எப்போதும் கிடக்கிற மருந்துகள் என்பதால்தான் சொல்கிறேன், நாயின் உடம்புக்கு இவை நஞ்சாகிவிடும். வலியை மறைத்தால் வைத்தியருக்கும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து எதுவும் விளங்காது.

விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வாயைப் பிடித்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். மனிதருக்கு விற்கும் எனிமாவும் வேண்டாம், அதிலுள்ள பொஸ்பேற்று சின்ன நாய்களுக்கு உயிராபத்து. பின்பக்கம் எலும்புத் துண்டு எட்டிப் பார்த்தால் அதையும் இழுக்காதீர்கள்.

பாண், சோறு, வாழைப்பழம் கொடுக்கலாமா என்பதில்தான் எல்லோரும் சண்டை பிடிப்பார்கள். எலும்பு இரைப்பைக்குப் போய்விட்டது என்று உறுதியானால் சில வைத்தியர்களே கொஞ்சம் மென்மையான சாப்பாடு கொடுக்கச் சொல்வார்கள். ஆனால் தொண்டையில் நின்றால் சாப்பாடு அதன் மேல் போய் அடைக்கும், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் நிறைந்த வயிறு பெரிய இடைஞ்சல். ஆகவே வைத்தியரிடம் கேட்கும் வரை ஒன்றும் கொடுக்காதீர்கள். கேட்பதற்குப் போனில் ஒரு நிமிடம் போதும்.

4. எலும்பு எங்கே நிற்கிறது?

எக்ஸ்ரே எடுக்கும் வரை நிச்சயமாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் நீங்கள் பார்த்துச் சொல்கிறவை வைத்தியருக்கு மிகவும் உதவும்.

உணவுக்குழாயில் சிக்கியிருந்தால் நாய் ஒன்றுமில்லாமலே விழுங்கி விழுங்கிப் பார்க்கும், கழுத்தை நீட்டும், எச்சில் நூல் நூலாகத் தொங்கும், படுக்கப் போய் உடனே எழும்பும். தானாகப் போய்த் தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரத்திலேயே அது அப்படியே வழிந்து வெளியே வரும். இங்கே கவனித்துப் பாருங்கள், வயிறு இழுத்து இழுத்து ஓங்காளித்து வருகிறதா, வயிறு அசையாமல் சும்மா வாயால் கொட்டுகிறதா? வயிறு அசையாமல் கொட்டினால் எலும்பு பெரும்பாலும் இரைப்பைக்கு மேலேதான் நிற்கிறது. முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், வாயால் சொல்லி விளக்குவதைவிட அது நல்லது. பொமரேனியன் மாதிரிச் சின்ன நாய்களுக்கு இது அதிகம் நடக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் குழாயின் சுவர் நசுங்கிப் புண்ணாகி ஓட்டை விழும் ஆபத்தைக் கூட்டுகிறது. காலையில் பார்ப்போம் என்று இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

இரைப்பைக்குள் போயிருந்தால் நாய் சாதாரணமாகவே இருக்கலாம். இரைப்பை அமிலம் எலும்பைக் கரைக்கும், பல எலும்புகள் இப்படியே பிரச்சினை இல்லாமல் போய்விடுகின்றன. அதனால்தான் "எங்கட நாய் எத்தனை எலும்பு தின்டது, ஒண்டும் ஆகேல்லை" என்று சொல்ல ஆள் கிடைக்கிறார்கள்.

குடலில் அடைத்தாலோ குத்தினாலோ திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வது, வயிறு கல் மாதிரி இறுகுவது, முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்துப் பின்பக்கத்தை உயர்த்தி நிற்பது, இவை வரும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் வெளிறி, 2 செக்கனுக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். வெளிறியே இருந்தால் உடனே வாகனத்தைக் கூப்பிடுங்கள். கறுப்பு நிறமான ஈறு உள்ள நாய் என்றால் கீழ்க் கண்ணிமையின் உட்பக்கத்தைப் பாருங்கள்.

5. போக முன்னம் போன் பண்ணுங்கள்

கொழும்பில் மிருக வைத்திய நிலையத்துக்குக் குறைவில்லை, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கமும் இருக்கின்றன. ஆனால் இரவில் திறந்திருப்பவை கொஞ்சம், அதிலும் எக்ஸ்ரே இருப்பவை இன்னும் கொஞ்சம். "24 மணித்தியாலம்" என்று பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நாங்கள் போன முதல் இடத்தில் கதவு திறந்திருந்தது, ஆள் இருந்தார், எக்ஸ்ரே எடுக்கத் தெரிந்தவர் காலையில்தான் வருவார் என்றார்கள். அந்த நேரம் வீணாகப் போனது. ஆகவே போனில் இப்படிக் கேளுங்கள்:

இப்போது வைத்தியர் நேரில் இருக்கிறாரா, கூப்பிட்டால் வருவாரா? எக்ஸ்ரே இப்போதே எடுக்கலாமா? தொண்டையில் எலும்பு என்றால் எடுக்கக் கமராக் குழாய் (எண்டோஸ்கோப்) இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்? இரவில் அறுவைச் சிகிச்சை செய்வீர்களா? முற்பணம் எவ்வளவு, கார்ட் எடுப்பீர்களா?

போயா நாட்களிலும் சித்திரைப் புத்தாண்டு வாரத்திலும் பல இடங்கள் பூட்டியிருக்கும், அல்லது பாதி நாள்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையைச் சிலர் சொல்வார்கள். வசதி உள்ள இடம்தான், ஆனால் கொழும்பிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல், வாகன நெரிசலில் 3 மணித்தியாலத்துக்கும் கூட ஆகும். நாயின் நிலை சீராகி, இங்கே பார்த்த வைத்தியர் கடிதம் தந்து, அங்கே போன் பண்ணிக் கேட்ட பிறகு போகிற இடம் அது. மூச்சுத் திணறுகிற நாயோடு அந்த வழியில் இறங்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் மனிதருக்கு மட்டும்தான்.

6. கையில் கொண்டுபோக வேண்டியவை

தடுப்பூசி அட்டை முதலாவது. எச்சில் வடிகிற நாயைத் தொட முன்னம் எந்த வைத்தியரும் அதைத்தான் கேட்பார். கிடைக்காவிட்டால் ஊசி போட்ட இடத்துக்கே போன் பண்ணி, பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் அடையாள அட்டையும் வேண்டும், மயக்க மருந்துக்கும் அறுவைக்கும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டி வரும். வீட்டு வேலைக்கு உதவ வருகிற அக்காவோ தம்பியோ நாயைக் கொண்டுபோகிறார் என்றால், உங்கள் சம்மதத்தை எழுதி அனுப்பிவிட்டுப் போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். கையெழுத்துக்காகக் காத்திருந்து நேரம் போவது பெரிய கொடுமை.

அதே கறியில் மிச்சமுள்ள எலும்பு ஒன்றைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கோழியா ஆடா, எவ்வளவு தடிப்பு என்று அதைப் பார்த்தால் வைத்தியருக்கு உடனே விளங்கும். விழுங்கிய நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், நாயின் எடை, தினமும் எடுக்கிற மருந்து, இவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள், பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். கறியில் வெங்காயமும் உள்ளியும் கிடந்தால் அதையும் சொல்லுங்கள், அவையும் நாய்க்கு ஆகாதவை.

7. போகிற வழி

சொந்த வாகனம் இல்லையென்றால் பிக்மியிலோ ஊபரிலோ ஓட்டோ போட்டவுடன் சாரதிக்குப் போன் பண்ணி, நாய் இருக்கிறது, சுகமில்லை, துவாய் விரித்துக் கொண்டுவருகிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாமல் வரவழைத்தால் வாசலில் வந்து மறுத்துவிட்டுப் போவார், இன்னொருவர் வர இன்னும் நேரம். பின்னேரத்தில் காலி வீதி நகராது, கரையோர வீதியால் போக முடிந்தால் போங்கள். நாயின் வயிற்றை அழுத்திப் பிடிக்காதீர்கள். மூச்சுச் சிரமம் இருந்தால் வாய்க்கட்டும் வேண்டாம்.

8. அங்கே என்ன நடக்கும்

எக்ஸ்ரேயில் எலும்பு பெரும்பாலும் நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் ஒன்று, மல்லாக்காக ஒன்று என்று குறைந்தது இரண்டு படம் எடுப்பது வழக்கம், கழுத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய மீன் முள்ளும் சின்னக் கோழி எலும்பும் தெரியாமல் போகலாம், ஆகவே படத்தில் ஒன்றுமில்லை என்றாலும் நாய் சரியில்லை என்றால் அதை அழுத்திச் சொல்லுங்கள்.

உணவுக்குழாயில் நின்றால் மயக்கம் கொடுத்துக் கமராக் குழாயால் பிடித்து எடுப்பார்கள், அல்லது மெதுவாக இரைப்பைக்குள் தள்ளிவிடுவார்கள். இரைப்பையில் இருந்தால் பல சமயம் காத்திருந்து, ஒரு நாள் கழித்து மறுபடி படம் எடுத்து நகர்கிறதா என்று பார்ப்பார்கள். குடல் அடைத்திருந்தாலோ ஓட்டை விழுந்திருந்தாலோ அறுவைதான், அதற்கு மாற்று வழி தேடி நாளைக் கடத்தாதீர்கள். வயிற்றுக்குள் கிருமி பரவிய பிறகு செய்கிற அறுவையில் பிழைப்பது கடினம்.

வேறு இடத்துக்கு அனுப்பினால் எக்ஸ்ரே படத்தையும் கொடுத்த மருந்துகளின் விபரத்தையும் கையோடு வாங்கிக்கொண்டு போங்கள். போனிலும் ஒரு பிரதி எடுங்கள். இல்லாவிட்டால் அங்கே முதலிலிருந்து எல்லாம் தொடங்கும், காசும் இரட்டிப்பாகும்.

9. காசு

இடத்துக்கு இடம், நாயின் எடைக்கு ஏற்ப, நேரத்துக்கு ஏற்பக் கணக்கு மாறும், ஆகவே ஒரு தொகை சொல்லி உங்களைத் தவறாக வழிநடத்த விரும்பவில்லை. ஆனால் பில் எப்படி வளரும் என்பதைச் சொல்லலாம். பார்க்கும் கட்டணமும் எக்ஸ்ரேயும் ஊசியும் ஆயிரங்களில் முடியும். எக்ஸ்ரேக்குப் படக் கணக்கில் வாங்குவார்கள், இரண்டு படம் என்றால் இரண்டு மடங்கு. அதற்கு மேல் இரத்தப் பரிசோதனை, சேலைன், மயக்க மருந்து, கமராக் குழாய் என்று போகும்போது தொகை பாய்ந்து ஏறும். அறுவை என்றால் பல்லாயிரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதோடு தங்க வைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கணக்கு. இரவிலும் விடுமுறை நாளிலும் கூடுதலாக எடுப்பார்கள்.

செலவு மதிப்பீட்டை எழுதித் தரச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. அதில் குறைந்தது எவ்வளவு, சிக்கலானால் எவ்வளவு என்று இரண்டும் இருக்கட்டும். உங்களால் முடியும் தொகையை வெளிப்படையாகச் சொன்னால், எந்தப் பரிசோதனை கட்டாயம், எது பிறகு பார்க்கலாம் என்று நல்ல வைத்தியர் பிரித்துச் சொல்வார். காசுக்குப் பயந்து எக்ஸ்ரேயைத் தவிர்க்காதீர்கள், மற்றதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான்.

10. "வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்றால்

குறைந்தது 72 மணித்தியாலம் கண்ணை எடுக்காதீர்கள். மென்மையான சோறும் எலும்பில்லாத அவித்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாக, வைத்தியர் சொன்ன அளவில். வெளியே கூட்டிப் போகும்போது கழுத்துப் பட்டியும் கயிறும் கட்டாயம், எங்கே மலம் கழிக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு குச்சியால் அதைக் கிளறிப் பாருங்கள். வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்ந்தால் எலும்பு கரைந்து வருகிறது. முக்கி முக்கியும் வராவிட்டால் மலக்குடலில் எலும்புத் துகள் இறுகிவிட்டது, அதற்கும் வைத்தியரிடம்தான் போக வேண்டும். தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் மேலே எங்கோ இரத்தம் கசிகிறது.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 30க்குள் இருப்பது வழமை. உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை சாதாரணம். இவை கூடினால், வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், சாப்பாட்டுக்கு எழும்பவே இல்லையென்றால், 72 மணித்தியாலம் முடியும் வரை காத்திருக்காதீர்கள்.

11. எலும்பை எடுத்த பிறகு

அறுவை செய்த நாய் அடுத்த நாளே வாலாட்டும், அதைப் பார்த்து எல்லாம் சரி என்று விட்டுவிடக் கூடாது. குடலில் தையல் போட்டிருந்தால் 3 முதல் 5 நாளுக்குள்தான் அது விட்டுப்போகும் ஆபத்து அதிகம். திடீர்ச் சோர்வு, வாந்தி, காய்ச்சல் கண்டால் அதே இரவில் கூப்பிடுங்கள். வெளித் தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள், அதுவரை தையலை நக்காமல் இருக்கப் போடுகிற கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள், எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும்.

உணவுக்குழாயில் சிக்கி எடுத்த நாய்க்கு இன்னொரு கவனம் வேண்டும். புண் ஆறும்போது குழாய் சுருங்கிப் போகலாம், அது நாட்கள் அல்லது சில வாரங்கள் கழித்துத்தான் தெரியும். சாப்பிட்ட உடனே சாப்பாடு அப்படியே திரும்பி வரத் தொடங்கினால் அதே வைத்தியரிடம், பழைய எக்ஸ்ரேயோடு போங்கள். அமிலத்தைக் குறைக்கும் மருந்தைத் தந்திருந்தால், நாய் நன்றாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

அப்புறம், இரவில் எக்ஸ்ரே எடுக்கக்கூடிய இரண்டு இடங்களின் இலக்கங்களை இன்றைக்கே கேட்டு எழுதி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மாடிவீடுகளில் இரவு வாசலில் வைக்கிற குப்பைப் பைதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். குப்பை எடுக்கிற நாள் வரும் வரை எலும்பை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.